வாய் கோணினால்: முகவாதத்திலிருந்து முகத்தை மெல்ல மீட்பது எப்படி?

"ஏனுங்க, காலையில வாய் கொப்பளிச்சா தண்ணி ஒரு பக்கமாவே ஒழுகுதுங்க. கண்ணாடியில பார்த்தா மூஞ்சி கோணிக் கெடக்குது."

கோபிப் பக்கம் பிசியோதெரபிஸ்டாக இருக்கும் எனக்கு வரும் முகவாத அழைப்புகளில் பாதி இப்படித்தான் தொடங்கும். அடுத்து, "நேத்து ராத்திரி வண்டியில வந்தப்ப காத்து அடிச்சிருச்சுங்க" என்பார்கள். அதற்கும் அடுத்து, "பலூன் ஊதினா சரியாயிரும்னு சொல்றாங்க, எத்தனை ஊதட்டும்?" என்று கேட்பார்கள்.

ஒரு பலூனும் ஊத வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முகவாதத்தில் எதை எப்போது செய்வது என்ற வரிசை முக்கியம். முதல் நாள் செய்யவேண்டியதை மூன்றாம் வாரம் செய்தால் பலன் இல்லை. மூன்றாம் மாதம் செய்யவேண்டியதை முதல் வாரமே முரட்டுத்தனமாகச் செய்தால் கெடுதல். வீட்டில் யாருக்காவது இப்போதுதான் வந்திருக்கிறது என்றால் முதல் மூன்று பகுதிகளை மட்டும் படித்துவிட்டுக் கிளம்புங்கள். மீதியை ஆஸ்பத்திரியில் டோக்கன் போட்டுவிட்டு உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம்.

முதல் வேலை: நெற்றியைப் பாருங்கள்

வாய் கோணியதும் எல்லோரும் வாயையே பார்ப்பார்கள். நீங்கள் நெற்றியைப் பாருங்கள். புருவத்தை மேலே தூக்கச் சொல்லுங்கள். கோணிய பக்கம் நெற்றியில் சுருக்கமே விழவில்லை, அந்தக் கண்ணும் மூடவில்லை என்றால், காதுக்குப் பின்னாலிருந்து வரும் முகநரம்பில் கோளாறு என்று நினைக்க இடமுண்டு. வாய் மட்டும் கோணி, நெற்றி இரண்டு பக்கமும் நன்றாகச் சுருங்குகிறது என்றால் அது மூளையில் வந்த பக்கவாதமாக இருக்கலாம். மேல்நெற்றிக்கு மூளையின் இரண்டு பாதிகளிலிருந்தும் கட்டளை வருகிறது. ஒரு பாதி அடிபட்டாலும் இன்னொன்று நெற்றியைத் தாங்கிக்கொள்ளும்.

அப்புறம் இரண்டு கைகளையும் நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள், ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்கள், நடக்கச் சொல்லுங்கள். கை தாழ்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, தள்ளாடினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ உடனே 108. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. அந்த நேரத்தில் ஜோசியரையும் கேட்க வேண்டாம், என்னையும் கேட்க வேண்டாம். நெற்றிச் சோதனை வீட்டில் செய்வது, அது தவறலாம். சந்தேகம் இருந்தால் பக்கவாதம் என்றே எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.

இரண்டாவது: 72 மணி நேரம்

பக்கவாதம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். காரணமும் தெளிவாகத் தெரியவில்லை. இப்படித் திடீரென்று வரும் முகவாதத்துக்குப் பெல்ஸ் பால்சி என்று பெயர். 1821-இல் முகநரம்பைப் பற்றி எழுதிய ஸ்காட்லாந்து மருத்துவர் சார்லஸ் பெல்லின் பெயரால் வந்தது. முகநரம்பு காதுக்குப் பின்னால் ஒரு எலும்புக் குழாய்க்குள் ஓடி வெளியே வருகிறது. அதன் மிகக் குறுகலான இடம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. உள்ளே பதுங்கியிருந்த வைரஸ் மறுபடி கிளம்பி நரம்பை வீங்கவைப்பதாகக் கருதுகிறார்கள். வாய்க்கால் மண்ணில் வெட்டியது என்றால் கரை கொஞ்சம் அகலும். இது எலும்பு, அகலாது. வீங்கிய நரம்பு தன்னையே நெரித்துக்கொள்கிறது.

அந்த வீக்கத்தை வற்றவைப்பது ஸ்டீராய்டு மாத்திரை. முகம் கோணிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். 2007-இல் வெளியான ஸ்காட்லாந்து ஆய்வில், ஒன்பது மாத முடிவில் ஸ்டீராய்டு எடுத்தவர்களில் 94 சதவீதம் பேருக்கு முகம் முழுதாகத் திரும்பியிருந்தது. எடுக்காதவர்களில் 82 சதவீதம். கவனியுங்கள், எடுக்காதவர்களிலும் பெரும்பாலோருக்குத் திரும்பியிருக்கிறது. எண்ணெய் காய்ச்சுகிறவர், புறா ரத்தம் தடவுகிறவர், மந்திரிக்கிறவர் எல்லோருக்கும் பேர் வாங்கிக் கொடுப்பது இந்த 82 பேர்தான். மீதிப் பேருக்காகத்தான் மாத்திரை.

சர்க்கரை உள்ளவர்கள் கட்டாயம் அதைச் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், அதனால் மாத்திரை நாட்களில் அடிக்கடி பார்த்து மருந்தளவை மாற்றவேண்டி வரும். கர்ப்பிணிகளுக்குக் கடைசி மாதங்களில் முகவாதம் சற்று அதிகமாக வருகிறது, அவர்கள் மகப்பேறு மருத்துவரிடமும் சொல்லிவிட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கி விழுங்குவது மட்டும் கூடாது.

இதே நேரத்தில் காதையும் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். காதுக்குள்ளோ காது மடலிலோ கொப்புளம், கடும் வலி என்றால் அது அக்கி. அக்கியோடு வரும் முகவாதம் பிடிவாதமானது, வைரஸ் மருந்தும் சேர்த்துத் தருவார்கள். செங்காவியில் அக்கி எழுதிக்கொண்டு மூன்று நாளைக் கடத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். எழுதுவதென்றால் எழுதிக்கொள்ளுங்கள், மாத்திரையைப் போட்டுவிட்டு எழுதிக்கொள்ளுங்கள். பல வருடமாகக் காதில் சீழ் வடிகிறவருக்கு வாய் கோணினால் காது மூக்கு தொண்டை மருத்துவர் அன்றைக்கே பார்க்க வேண்டும். வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கோணுவது, காதுக்குக் கீழே கட்டி தெரிவது, இரண்டு பக்கமும் ஒன்றாகச் செயலிழப்பது, தோலில் உணர்ச்சியில்லாத தேமல் இருப்பது, இவையெல்லாம் வேறு கதை. ஸ்கேனும் பரிசோதனையும் தேவைப்படும்.

மூன்றாவது: கண்ணைக் காப்பாற்றுங்கள்

வாய்க் கோணல் நம் கௌரவத்தைத்தான் தொடும். மூடாத கண் பார்வையையே எடுத்துவிடும். இந்தப் பகுதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், அதிலும் நம் ஊரில் விடவே கூடாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று பொள்ளாச்சியிலிருந்து தாராபுரம், காங்கேயம் வரை காட்டுப் புழுதியை வாரி அடிக்கிறது. காற்றுதான் முகவாதத்தைக் கொண்டுவந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை. வந்த பிறகு திறந்து கிடக்கும் கண்ணைக் காற்று உலர்த்திப் புண்ணாக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. நூற்பாலையிலும் பனியன் கம்பெனியிலும் வேலை என்றால் புழுதியோடு பஞ்சும் சேர்ந்துகொள்ளும்.

பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்து, டாக்டர் சொன்ன இடைவெளியில், பல தடவை. இரவில் கண்ணுக்கான களிம்பு, அதன் மேல் இமையை மூடித் தோலுக்கு உறுத்தாத காகித டேப். டேப் ஒட்டும்போது இமை முழுதாக மூடியிருக்க வேண்டும். பாதி திறந்த கண்மேல் பஞ்சை வைத்து ஒட்டினால் பஞ்சே கருவிழியைத் தேய்த்துவிடும். வெளியே போனால் பக்கவாட்டிலும் மறைக்கும் கண்ணாடி. வண்டியில் போனால் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுங்கள். உள்ளூருக்குள் ஹெல்மெட் எதற்கு என்கிறவர்கள் இந்த மூன்று மாதமாவது மாட்டுங்கள்.

கண் சிவந்தாலோ, வலித்தாலோ, பார்வை மங்கினாலோ அன்றே கண் மருத்துவர். மூளைக் கட்டி அறுவைக்குப் பிறகு முகவாதம் வந்தவர்களுக்குக் கருவிழியில் உணர்ச்சியும் குறைந்திருக்கலாம். புண் வந்தாலும் வலிக்காது. அவர்கள் வலிக்காகக் காத்திருக்காமல் முறை வைத்துக் கண்ணைக் காட்டவேண்டும்.

நான்காவது: சும்மா இருக்கும் கலை

முதல் வாரங்களில் முகம் அசையாமல் கிடக்கும்போது வீட்டாருக்குப் பொறுக்காது. சித்தப்பா பலூன் வாங்கி வருவார், அத்தை சூயிங்கம் வாங்கி வருவார். நானும் படித்து முடித்த புதிதில் பலூன் ஊதச் சொன்னவன்தான். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அப்படிச் சொன்னார்கள், நானும் சொன்னேன். சில மாதம் கழித்து வந்தவர்களின் முகத்தைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினேன்.

பலூனை முக்கி ஊதும்போது வேலை செய்வது நல்ல பக்கம். அது இன்னும் பலமாக இழுக்கும், கோணல் இன்னும் பெரிதாகத் தெரியும். நோயுற்ற பக்கத்தில் கொஞ்சம் உயிர் வந்திருந்தால், கண், கன்னம், உதடு, கழுத்து எல்லாத் தசைகளும் ஒரே கூட்டமாகச் சுருங்கப் பழகிக்கொள்ளும். அந்தப் பழக்கத்தை உடைப்பது லேசில்லை. சூயிங்கம் கதை வேறு. மெல்லும் தசைக்குப் போவது ஐந்தாவது மூளைநரம்பு, முகம் அசைப்பது ஏழாவது. நாளெல்லாம் மென்றாலும் ஏழாவதுக்குத் தெரியவே தெரியாது.

கரண்ட் வைப்பது பற்றிக் கேட்காதவர் இல்லை. சாதாரண முகவாதத்தில் மின்தூண்டல் மீட்சியைக் கூட்டும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. பலமாக வைத்தால் எல்லாத் தசையும் மொத்தமாகச் சுண்டும், பலூனைப் பற்றிய அதே கவலைதான் எனக்கு இதிலும். தினமும் பத்து நிமிடம் கரண்ட் வைத்துவிட்டு ஒரு கண்ணாடிகூடக் காட்டாமல் அனுப்பும் இடம் என்றால் அந்தக் காசுக்குக் கண் சொட்டு மருந்து வாங்கலாம்.

இந்தக் காலத்தில் செய்யவேண்டியது கொஞ்சம்தான். விரல் நுனியால் கன்னத்தை மெல்லத் தடவி மேல்நோக்கி ஏந்திக்கொடுங்கள். சாப்பிட்ட பின் கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே தங்கும் சோற்றை விரலால் எடுத்துவிட்டு வாய் கொப்பளியுங்கள். அரிசிம்பருப்பு சோறு, சந்தகை மாதிரிக் குழைவானவை முதல் வாரத்துக்கு வசதி. இன்னொரு சின்ன விஷயம்: சொம்பை அண்ணாந்து குடிப்பவர்களுக்கு உதட்டைக் குவிக்கும் வேலையே இல்லாததால் ஒழுகல் தெரியாது. உதட்டில் வலு வந்ததா என்று பார்க்க வேண்டுமானால் டம்ளரை வாய் வைத்துக் குடித்துப் பாருங்கள்.

பெரும்பாலோருக்கு மூன்று வாரத்துக்குள் ஏதாவது ஒரு அசைவு தலைகாட்டும். வாயோரம் ஒரு துடிப்பு, கண் மூடும்போது சற்றுக் குறைந்த இடைவெளி, அவ்வளவுதான்.

ஐந்தாவது: கண்ணாடி முன் வேலை

கை கால் தசைகளில் 'நான் இவ்வளவு நீண்டிருக்கிறேன்' என்று மூளைக்குச் சொல்லும் உணர்வுக் கருவிகள் நிறைய உண்டு. முகத்தசையில் அவை இல்லை என்றே சொல்லலாம். கண்ணை மூடிக்கொண்டே கையைச் சரியான உயரத்துக்குத் தூக்கிவிடலாம். பாதி சிரிப்பைக் கண்ணை மூடிக்கொண்டு அளந்து சிரிக்க முடியாது. அதனால்தான் கண்ணாடி. பீரோ கண்ணாடியில் நடுவாக மூன்று ஸ்டிக்கர் பொட்டுகளை மேலிருந்து கீழாக ஒட்டிக்கொள்ளுங்கள். மூக்கும் முகவாயும் அந்தக் கோட்டில் நிற்கட்டும். கோடு இருந்தால் முகம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பது மறைக்க முடியாமல் தெரியும்.

அசைவே இல்லாதபோது விரலால் நோயுற்ற பக்கத்தை மெல்லத் தூக்கி, அதே நேரத்தில் மனதால் அந்த அசைவை நினையுங்கள். அசைவு வந்ததும் விரலின் உதவியைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். புருவம் தூக்குவது, மூக்கைச் சுளிப்பது, பல் தெரியாமல் புன்னகைப்பது, உதட்டைக் குவிப்பது, கண் மூடுவது: இந்த ஐந்தும் போதும். ஒவ்வொன்றும் ஐந்து முதல் பத்துத் தடவை, மூன்று எண்ணும்வரை பிடித்து, ஐந்து எண்ணும்வரை தளர்த்தி. நாளைக்கு இரண்டு மூன்று வேளை. கண் மூடும்போது முதலில் கீழே பாருங்கள், பிறகு இமையை விடுங்கள். மேலிமையைத் தூக்கிப் பிடிக்கும் தசை கீழே பார்க்கும்போது தளர்ந்துகொடுக்கும், மூடுவது எளிதாகும்.

இனி நான் சொல்வதுதான் மிகக் கடினம். நல்ல பக்கத்தை அடக்குங்கள். நோயுற்ற பக்கம் கால் சிரிப்பு சிரித்தால் நல்ல பக்கமும் கால் சிரிப்புதான் சிரிக்க வேண்டும். வண்டியில் கன்றுக்குட்டியையும் காங்கேயம் காளையையும் சேர்த்துப் பூட்டினால் காளையை அடக்கித்தான் ஓட்டவேண்டும். வேகமாக, பெரிதாக, பல்லைக் கடித்துக்கொண்டு செய்யும் நூறு தடவையைவிட மெதுவாகச் செய்யும் ஐந்து தடவை மேல்.

உதட்டுக்குப் பேச்சே நல்ல பயிற்சி. ப, ம, வ வரும் சொற்களைக் கண்ணாடி பார்த்து மெதுவாகச் சொல்லுங்கள்: அப்பாரு, அம்மிச்சி, மாப்பிள்ளை, பப்பாளி. பேரக்குழந்தையைக் கொஞ்சிக்கொண்டே செய்கிறவர்களுக்கு அலுக்காது. நெதர்லாந்தில் ஊமைநாடகக் கலைஞர் ஒருவரும் காது மூக்கு தொண்டை மருத்துவரும் சேர்ந்து, உணர்ச்சிகளை நடித்துக்காட்டியே முகத்தைப் பழக்கும் சிகிச்சையை உருவாக்கினார்கள். கோபம், வியப்பு, வெட்கம் என்று நடிப்பதை நானும் பயன்படுத்துகிறேன். நம்மவர்களுக்கு மாமியாரைப் பார்த்த முகம் என்று சொன்னால் சட்டென்று வரும்.

மாதம் ஒருமுறை அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். அன்றாடம் பார்க்கும் கண்ணுக்கு முன்னேற்றம் தெரியாது. மருத்துவர்கள் 1985-இல் வந்த ஹவுஸ்-பிராக்மேன் அளவுகோலில் ஒன்றிலிருந்து ஆறு வரை மதிப்பிடுவார்கள். ஒன்று முழுச் சுகம், ஆறு அசைவே இல்லை. உங்கள் எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாவது: தண்ணீர் தப்பான காட்டில் பாய்ந்தால்

மூன்று நான்கு மாதத்துக்குப் பிறகு சிலர் புதிதாக ஒன்றைச் சொல்வார்கள். "சிரிச்சா கண்ணு சுருங்குதுங்க. சாப்பிட்டா கண்ணுல தண்ணி வருதுங்க." கீழ்பவானி வாய்க்கால் கரை உடைந்து அவசரமாக அடைத்தபோது, உங்கள் கிளைத் தண்ணீர் அடுத்தவர் காட்டுக்குப் போய்விட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்குப் போகவேண்டிய நரம்பிழை மறுபடி வளரும்போது கண்ணுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. நரம்பு ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும், அதனால்தான் இது மாதக்கணக்கில் தாமதித்துத் தெரிகிறது. பல வீடுகளில் இதை "இன்னும் பலம் வரல" என்று நினைத்துப் பயிற்சியைக் கூட்டுவார்கள். நேர் எதிராகச் செய்யவேண்டும். இங்கே சிக்கல் தசை இறுகியிருப்பது.

கட்டைவிரலைக் கன்னத்துக்குள் விட்டு, வெளியே இரண்டு விரலால் பிடித்து, வாயை நோக்கி மெல்ல இழுத்து அரை நிமிடம் வைத்திருங்கள். கண் அகலமாகத் திறந்திருக்க, கண் சுருங்கத் தொடங்கும் இடம்வரை மட்டும் சிரியுங்கள், அங்கே நிறுத்துங்கள். அந்த எல்லை வாரம் கூடக்கூட நகரும். அடங்காத இடத்தில் போடாக்ஸ் ஊசி உதவும். சினிமாக்காரர்கள் போடுவதாகக் கேள்விப்பட்ட அதே மருந்துதான். பலன் சுமார் மூன்று நான்கு மாதம், மீண்டும் போடவேண்டி வரும். தசை தளர்ந்திருக்கும் அந்த மாதங்களில் பயிற்சியை விடாமல் செய்தால்தான் செலவு செய்ததற்குப் பயன்.

ஏழாவது: திரும்பவே இல்லை என்றால்

மூன்று மாதம் முடிந்தும் துளி அசைவு இல்லை என்றால் 'இன்னும் கொஞ்சம் பார்ப்போம்' என்று உட்காராதீர்கள். பெல்ஸ் பால்சி என்று எழுதியதே தவறாக இருக்கலாம். ஸ்கேன், நரம்புச் சோதனை இரண்டும் தேவை. விபத்தில் நரம்பு அறுந்தவர், கட்டியோடு நரம்பையும் எடுத்தவர் என்றால் மூன்று மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

அவசரத்துக்குக் காரணம், நரம்பு வராத தசை நாளாக நாளாகச் சுருங்கி நாராகிவிடும். ஓராண்டுக்குள் என்றால் இருக்கும் தசைக்கே புது நரம்பைக் கொடுக்கப் பார்க்கலாம். ஒன்றரை, இரண்டு ஆண்டு தாண்டிவிட்டால் பெரும்பாலும் தசையையே புதிதாகக் கொண்டுவர வேண்டும். அறுந்த நரம்பைச் சேர்ப்பது, சென்னிமலையில் அறுந்த பாவு இழையைப் பிணைப்பது மாதிரி, ஆனால் முடியைவிட மெல்லிய நூலில், நுண்ணோக்கியின் கீழ். இடைவெளி பெரிதாக இருந்தால் கெண்டைக்காலிலிருந்து ஒரு உணர்வு நரம்பை எடுத்து நடுவில் வைப்பார்கள். பாதத்தின் வெளி ஓரம் கொஞ்சம் மரத்துப்போகும், நடக்கச் சிரமம் இருக்காது.

மெல்லும் தசையின் நரம்பில் ஒரு கிளையை எடுத்து முகநரம்போடு இணைப்பது இன்னொரு வழி. சூயிங்கத்தைக் கேலி செய்தேன் அல்லவா, அதே ஐந்தாவது நரம்பு இப்போது உதவிக்கு வருகிறது. தொடக்கத்தில் பல்லைக் கடித்தால்தான் சிரிப்பு வரும். பயிற்சியில் பலருக்குக் கடிக்காமலே வரத் தொடங்கும். தசையே போய்விட்டவர்களுக்குத் தொடையின் உட்பக்கத்திலிருந்து ஒரு தசைத் துண்டை ரத்தக்குழாயோடும் நரம்போடும் எடுத்துக் கன்னத்தில் பொருத்துவார்கள். ஜப்பானிய அறுவை மருத்துவர் ஹரீ 1976-இல் தொடங்கிவைத்த முறை. நல்ல பக்க நரம்பிலிருந்து முகத்துக்குக் குறுக்கே இணைப்பு கொடுத்தால் சிரிப்பு தானாக வரும், ஆனால் வழக்கமாக இரண்டு கட்ட அறுவை, நடுவில் பல மாதக் காத்திருப்பு. பிறவியிலேயே முகம் அசையாத குழந்தைகளுக்கும் இந்தத் தொடைத்தசை முறை உண்டு. பெரிய அறுவை வேண்டாம் என்கிற வயதானவர்களுக்குப் பொட்டுத் தசையை (நெற்றிப்பொட்டில் இருக்கும் மெல்லும் தசை) இறக்கி வாயோரத்தில் கட்டலாம். கண்ணுக்கு மேலிமைக்குள் சின்னத் தங்கத் தகடு வைத்தால் அதன் எடையிலேயே இமை மூடும். ("ஒரு பவுன் ஆகுமாங்க?" என்று கேட்ட ஆத்தாவுக்குச் சொன்னேன்: ஒன்றிரண்டு கிராம்தான்.)

எங்கே போவது? அரசு வழியில் கோவை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பெருந்துறையில் உள்ள ஈரோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இரண்டிலும் முதலில் காட்டலாம். தனியாரில் நுண்ணறுவைக்குக் கோவை மேட்டுப்பாளையம் சாலையிலுள்ள கங்கா மருத்துவமனை பெயர்பெற்றது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். எந்த அறுவை அதில் சேரும் என்பதைச் சேர்க்கைக்கு முன்பே கவுன்டரில் கேட்டுவிடுங்கள். நடமாட முடியாதவர்களுக்கு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துகொள்ளலாம்.

அறுவை முடிந்தால் வேலை முடிந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். புதுத் தசை முதலில் அசையவே மூன்று மாதமோ அதற்கு மேலோ ஆகும். அதற்குப் பிறகு ஐந்தாவது பகுதிக்குத் திரும்பி வரவேண்டும், அதே கண்ணாடி, அதே ஸ்டிக்கர் பொட்டு.

பயிற்சிக்கு முதல் நாள் வரும்போது

மருந்துச் சீட்டு, சர்க்கரை அளவு எழுதிய நோட்டு, எடுத்திருந்தால் ஸ்கேன், முகம் கோணிய தேதி. தேதி மறந்துபோனால் அன்றைக்கு என்ன விசேஷம் என்று நினைவுபடுத்திப் பாருங்கள், நோம்பிக்கு முந்தின நாளா, சந்தை நாளா என்று. கூடவே, நோய் வருவதற்கு முன் சிரித்தபடி எடுத்த படம் ஒன்று. ஆதார் அட்டைப் படம் வேண்டாம், அதில் யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை. கல்யாண ஆல்பத்தில், தெரியாமல் எடுத்த பந்திப் படம் இருந்தால் நல்லது. யாருடைய சிரிப்பும் பிறவியிலேயே இரண்டு பக்கமும் சமமாக இருப்பதில்லை. உங்கள் பழைய சிரிப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று தெரிந்தால்தான், எதுவரை திரும்பவேண்டும் என்று கண்ணாடி முன் உட்கார்ந்து கணக்குப் போட முடியும்.